உரசிப் பார்க்காத மாத்திரை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் கூட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு பெரியம்மாவாவது அந்த வித்தை தெரிந்தவராக இருப்பார். முந்தானையோரம் தொங்கும் சரிகை இழை ஒன்றைப் பிரித்தெடுத்து நகத்தால் நாலு இழுப்பு இழுப்பார். மேலே சுற்றியிருக்கும் வெள்ளித் தகடு விலகி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் முகம் மலரும். செம்புக் கம்பியோ வெளுத்த நூலோ எட்டிப் பார்த்தால், சேலை மடிக்கப்பட்டு ஓரமாகப் போய்விடும். பட்டு இழையைக் கொளுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. தலைமுடி பொசுங்கும் வாடை வர வேண்டும். சாம்பல் விரல் பட்டதும் பொடியாக உதிர வேண்டும். அதிலும் திருப்தி இல்லாதவர்களுக்கு, எக்ஸ்ரே பாய்ச்சிச் சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சதவீதக் கணக்கில் சொல்லிவிடும் கருவி இருக்கிறது.

அதே குடும்பம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் மருந்துக் கடையில் நிற்கிறது. பையன் பிளஸ் டூ. படித்தது நிற்கவில்லையாம், புத்தகத்தை எடுத்தாலே தூக்கம் வருகிறதாம். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைக்கிறார். மூளைப் படம், பச்சை இலைப் படம், ஞாபக சக்தி, மனத்தெளிவு என்ற சொற்கள். சேலைக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசிய பெரியம்மா இதற்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. உரசிப் பார்க்க இதில் இழை எதுவும் தொங்கவில்லையே.

தொங்கத்தான் செய்கிறது. கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், மனத்தெளிவு என்றால் எதை அளப்பது? காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் தறிக்குழி ஒன்றில் இதற்கு நல்ல விடை கிடைக்கும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலுக்கு ஊடை நூலைச் சுமந்து ஓடும் ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. ஒவ்வொரு ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். குழியில் காலை விட்டு மிதித்துக்கொண்டிருப்பவர் ஒருவர். மறுகோடியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிவிட இன்னொருவர். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஒரு காலத்தில் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. இந்த இருவரில் யாராவது ஒருவர் அரை விநாடி கண் அயர்ந்தால் போதும், கோர்வை தப்பும். அப்போது தெரியாது. பல நாள் கழித்துச் சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது அந்த இடம் தானாகக் கண்ணில் குத்தும். கூலியிலும் குத்தும்.

தூக்க ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் அளவுகோலும் கிட்டத்தட்ட இதேதான். அமெரிக்காவின் டேவிட் டிங்கஸ் 1985இல் வடிவமைத்த அந்தச் சோதனை பார்க்க மிகவும் அலுப்பூட்டுவது. ஒரு சின்னத் திரை. 2 முதல் 10 விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் விளக்கு எரியும். எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். இப்படி 10 நிமிடம். அரை விநாடிக்கு மேல் தாமதித்தால் ஒரு ‘தவறல்’. புத்திசாலித்தனமும் படிப்பும் இதில் உதவாது. விழித்திருக்கிறாயா, இல்லையா? அது ஒன்றுதான் கேள்வி. தவறல்களை எண்ணினால் தெளிவு எண்ணாகிவிடுகிறது.

இந்தச் சோதனையை வைத்து ஹான்ஸ் வான் டோங்கனும் டிங்கஸும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, தூக்கத்தைப் பற்றி எழுதும் எவரும் தாண்டிப் போக முடியாத ஒன்று. ஆரோக்கியமான 48 பேர். ஒரு குழுவுக்கு இரவில் 4 மணி நேரம், இன்னொன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 8. பதினான்கு நாள். எட்டு மணி நேரக்காரர்கள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தார்கள். ஆறு மணி நேரக்காரர்களின் தவறல்கள் நாளுக்கு நாள் ஏறி, இரண்டு வார முடிவில் அவர்கள், ஓரிரு இரவு கண்ணையே மூடாதவர்களின் நிலைக்கு வந்திருந்தார்கள்.

இதில் உண்மையாகவே திடுக்கிட வைப்பது வேறு. தூக்கக் கலக்கம் எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே தினமும் கேட்டுக் குறித்தார்கள். முதல் சில நாள் அது கூடியது. பிறகு ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. பொத்தான் சோதனையில் நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தவர்கள், ‘பழகிவிட்டது, பரவாயில்லை’ என்ற தோரணையில் இருந்தார்கள். ஆறு மணி நேரம் எனக்குப் போதும் என்று சொல்லாத குடும்பத் தலைவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தச் சாட்சியத்தை ஏற்க முடியாது, சாட்சியே தூங்கிக்கொண்டிருக்கிறார்.

உணர்வு எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கு இன்னொரு குறும்பான ஆய்வும் உண்டு. கொலராடோ கல்லூரியில் டிரகானிச், எர்டால் ஆகிய இருவர் 2014இல் வெளியிட்டது. மாணவர்களுக்குக் கருவி மாட்டி, ‘நேற்றிரவு உங்கள் தூக்கம் சராசரியைவிடத் தரமானது’ என்று சிலரிடமும், ‘சராசரிக்குக் கீழே’ என்று சிலரிடமும் சொன்னார்கள். கருவி எதையும் அளக்கவில்லை, சொன்னது கட்டுக்கதை. ஆனாலும் நல்ல தூக்கம் என்று சொல்லப்பட்டவர்கள் கணக்குக் கூட்டும் கவனச் சோதனையில் மேலாகவும், மோசம் என்று சொல்லப்பட்டவர்கள் கீழாகவும் வந்தார்கள். கையில் கட்டிய கடிகாரம் காலையில் காட்டும் ‘தூக்க மதிப்பெண்’ணைப் பார்த்துவிட்டு அன்றைய மனநிலையைத் தீர்மானிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படியானால் தூக்கத்தைக் கூட்டினால் தெளிவு கூடும், கதை முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் சென்னை குறுக்கே வருகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டரில், சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரை வைத்து நடந்தது அந்தச் சோதனை. பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாட்டி டோமா என்ற ஐந்து பொருளாதார அறிஞர்கள் நடத்தினார்கள், 2021இல் வெளிவந்தது. ஒரு மாத காலம் கணினியில் தகவல் பதியும் வேலை; எவ்வளவு பதிகிறார்கள், எத்தனை பிழை என்பதெல்லாம் தானாகப் பதிவாகும். கையில் அசைவை அளக்கும் பட்டை. முதல் தகவலே தூக்கிவாரிப் போட்டது. இவர்கள் இரவில் படுக்கையில் கிடந்தது சுமார் 8 மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். மிச்சமெல்லாம் புழுக்கத்துக்கும் கொசுவுக்கும் தெருச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் வெறுந்தரைக்கும் போனது.

ஒரு பகுதியினருக்கு மெத்தை, தலையணை, மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பான் என்று கொடுத்து, அதிகம் தூங்கும்படி ஊக்கப்படுத்தினார்கள். சிலருக்குக் கூடுதல் தூக்கத்துக்குக் காசே கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. என்ன ஆகும் என்று நிபுணர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள். வேலைத்திறன் நன்றாகவே உயரும் என்று அவர்கள் கணித்திருந்தார்கள். முடிவில் கவனத்திலும் நினைவிலும் வேலைத்திறனிலும் மனநிலையிலும் அளந்து காட்டக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. படுக்கையில் அதிக நேரம் இருந்ததால் வேலை செய்த நேரம் சற்றுக் குறைந்ததுதான் மிச்சம்.

அதே சோதனையில் இன்னொரு பகுதியினருக்கு மதியம் அலுவலகத்திலேயே அமைதியான இடத்தில் அரை மணி நேரம் படுக்க வழி செய்திருந்தார்கள். கிடைத்தது குட்டித் தூக்கம்தான். ஆனால் மதியத்தில் கண்ணயர்ந்தவர்களுக்குக் கவனம் கூடியது, வேலையின் வேகம் கூடியது, மனசும் தேவலையாக இருந்தது. நாளைக்கு என்று கொஞ்சம் எடுத்து வைக்கும் புத்திகூட வந்தது. இரவில் துண்டு துண்டாகக் கிடைத்த 27 நிமிடம் செய்யாததை, பகலில் இடையூறில்லாமல் கிடைத்த கொஞ்ச நேரம் செய்தது. இரவுத் தூக்கம் அடிக்கடி அறுந்துபோனதால் அதை நீட்டியும் பயன் குறைவாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இதில் ஒரு சிக்கலையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்த அரை மணி நேரமும் உட்கார்ந்து வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்களின் மொத்தச் சம்பாத்தியம் குறைவு. சும்மா இடைவேளை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் அதிகம். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளிக்கு இந்த வித்தியாசம் ஏட்டுக் கணக்காகத் தோன்றாது.

காஞ்சிபுரத்துக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. உச்சிக்காலப் பூஜை முடிந்து நடை சாத்தினால் மாலை 4 மணி வரை கோயில் கதவுகள் திறப்பதில்லை. ஊரே மதியத்தில் ஒருக்களித்துப் படுக்கும். இரவில் பள்ளியறை, காலையில் திருப்பள்ளியெழுச்சி என்று தெய்வத்துக்கே தூக்கத்துக்கு நேரம் குறித்து வைத்த ஊர் இது. தூக்கம் கலைந்த தெய்வமும் இங்கேதான் இருக்கிறது. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டு விரட்ட, ஆழ்வாரும் கிளம்ப, அவர் சொன்னபடி திருவெஃகாவில் சயனித்திருந்த பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாராம். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பது அதனால் வந்த பெயர். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓரிரவு இருக்கை’. இன்று அது ஓரிக்கை.

கதை கிடக்கட்டும். சென்னை முடிவை வைத்துக்கொண்டு ‘இரவில் அதிகம் தூங்கத் தேவையில்லை’ என்று கிளம்புவது பெரிய தப்பு. எட்டு மணி நேரம் தூங்குபவரை ஆறுக்கு இறக்கினால் கெடுகிறது என்பது பென்சில்வேனியா காட்டியது. ஐந்தரையில், அதுவும் அறுந்து அறுந்து, வாழ்பவருக்கு அரை மணி நேரத்தைச் சேர்த்தால் ஒரு மாதத்தில் தேறவில்லை என்பது சென்னை காட்டியது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். தெளிவு வேண்டும் என்றால் படுக்கையில் கிடக்கும் மணிக்கணக்கோடு, தூக்கத்தை இரவெல்லாம் எது அறுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்; அது சில வீடுகளில் கொசு, சில வீடுகளில் கைப்பேசி, பலத்த குறட்டையோடு மூச்சுத் திணறி விழிப்பவருக்கு அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்.

இனி டப்பாவுக்கு வருவோம்.

அதில் இருப்பது பெரும்பாலும் இரண்டு செடிகளில் ஒன்று. வல்லாரை, வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் குதிரைக் குளம்பு போன்ற இலையோடு படரும். சரஸ்வதி கீரை என்ற செல்லப் பெயரோடு துவையலாகவும் வரும். நீர்ப்பிரமி, சதுப்பில் வளரும், தடித்த சிற்றிலையும் வெளிர்ப் பூவும் கொண்டது, கசப்பு. தாவரவியலில் இரண்டுக்கும் தூரத்து உறவுகூட இல்லை. ஆனால் ‘பிரம்மி’ என்ற பெயரில் வட இந்தியாவின் பல இடங்களில் விற்கப்படுவது வல்லாரை, தெற்கே அந்தப் பெயரில் அறியப்படுவது நீர்ப்பிரமி. ஆகவே டப்பாவில் உரச வேண்டிய முதல் இழை, சின்ன எழுத்தில் போட்டிருக்கும் லத்தீன் பெயர். பகோபா மொன்னியேரி என்றிருந்தால் நீர்ப்பிரமி. சென்டெல்லா ஏசியாட்டிகா என்றிருந்தால் வல்லாரை. இது தெரியாமல் ஒன்றின் ஆய்வைக் காட்டி இன்னொன்றை விற்கலாம்.

நீர்ப்பிரமிக்குப் பின்னால் கொஞ்சம் கனமான வரலாறே இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960களில் அதிலிருந்து பகோசைடு என்ற வேதிப்பொருள்களைப் பிரித்தார்கள். 1982இல் அங்கேயே எச்.கே. சிங்கும் பி.என். தவனும், அந்தச் சாற்றைக் குடித்த எலிகள் பாடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டதாக எழுதினார்கள். 1990களில் அந்த ஆராய்ச்சியின் பலனாகச் சென்னையின் வெல்வெட் நிறுவனம் ‘மெமரி பிளஸ்’ என்ற பெயரில் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் வந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். தேர்வெழுதும் பிள்ளைகள் இருந்த வீடுகளில் அந்த முகத்துக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனந்த் 1988லேயே கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார் என்பது மட்டும் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. ஒருவர் கெட்டிக்காரர், ஒரு மாத்திரையின் விளம்பரத்தில் வருகிறார். மாத்திரையால் கெட்டிக்காரர் என்பது பார்ப்பவர் மனசு தானாகப் போட்டுக்கொள்ளும் முடிச்சு.

மனிதர்களிடம் முறையாகச் சோதித்தபோது என்ன வந்தது? ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனைகள்தான் இதில் பேர்போனவை. நல்ல ஆரோக்கியமான 38 பேருக்கு 300 மில்லிகிராம் சாறு ஒரே ஒருமுறை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இன்னொரு சோதனையில் 46 பேர், சிலருக்குச் சாறு, சிலருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை, 12 வாரம். ஐந்தாம் வாரம் வேறுபாடு இல்லை. பன்னிரண்டாம் வாரத்தில் சிலவற்றில் வேறுபாடு தெரிந்தது. மூன்றாவதில் 40 முதல் 65 வயதுவரை 76 பேர், மூன்று மாதம். கற்கும் வேகம் கூடவில்லை; புதிதாகக் கற்றதை மறக்கும் வேகம் குறைந்தது. இப்படிப்பட்ட 9 சோதனைகளை, மொத்தம் 518 பேரை, ஒன்றாகச் சேர்த்து 2014இல் ஒரு மதிப்பாய்வு வெளிவந்தது. கவனத்தின் வேகத்தில் சிறிய முன்னேற்றம் இருக்கலாம் என்பது அதன் முடிவு. பெரிய சோதனைகள் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். தொடர்ந்து சாப்பிட்ட பலருக்கு வயிறு கலங்கியது தனிக்கதை.

ஆக, நீர்ப்பிரமி முழுப் பொய் இல்லை. ஆனால் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் வாங்கப்படும் டப்பாவுக்கும் இந்த ஆய்வுகளுக்கும் சம்பந்தமில்லை. சோதனையில் ஏதாவது தெரிந்ததே மூன்று மாதத்துக்குப் பிறகு.

வல்லாரையின் நிலை இன்னும் மெலிவு. மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த மதிப்பாய்வில், வல்லாரை தனியாக அறிவுத்திறனின் எந்தப் பிரிவையும் கூட்டியதாகத் தெரியவில்லை. சுறுசுறுப்பாக உணர்வதில் சிறு பலன் இருக்கலாம். துவையலாக அரைத்துச் சாப்பிட இது தடையில்லை. சோற்றுக்கு அது எப்படியும் நல்ல ஜோடி. வெளிநாட்டு ‘ஞாபக’ மூலிகைகளின் ராஜாவான ஜின்கோவுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் ஒரு பகுதியினருக்கு ஜின்கோவும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் சுமார் ஆறு ஆண்டுகளாகக் கொடுத்துப் பார்த்தும் மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருந்து மற்றும் அழகுசாதன விதிகளில் ‘ஜே’ என்றொரு அட்டவணை இருக்கிறது. இன்னின்னவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் மார்தட்டக் கூடாது என்ற பட்டியல் அது. புற்றுநோய், வழுக்கை, உயரம் கூடுவது என்று போகும் அந்தப் பட்டியலில் மூளைத்திறன் கூடுவதும் ஞாபக சக்தி மேம்படுவதும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. மருத்துவர் சீட்டில் வரும் மருந்து சொல்லக் கூடாததை, உணவுப் பொருள் என்ற முத்திரையோடு வரும் டப்பா வேறு விதிகளின் நிழலில் நின்று பூசி மெழுகிச் சொல்கிறது. ‘ஆரோக்கியமான மூளைச் செயல்பாட்டுக்கு உறுதுணை’ என்ற வாசகத்தை நகத்தால் உரசினால் உள்ளே நூல் எதுவும் தெரியாது.

சோதனையில் ஐயமற்றுத் தேறும் பொருள் ஒன்று இருக்கிறது. அதை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. நிகோடின். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த 41 சோதனைகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வில், கவனம், நினைவு, விரல்களின் நுண்வேகம் ஆகியவற்றில் அது உண்மையான பலன் காட்டியது. காஞ்சிபுரம் உலகுக்குத் தந்த மிகப் பெரிய பேச்சாளர், 1909இல் இங்கே நெசவாளர் சமூகத்தில் பிறந்த அண்ணா, மூக்குப்பொடிப் பழக்கமும் ராக்கண் விழிப்பும் ஊரறிந்தவர். சித்திரை மாதத்தில் இரவு பத்தரைக்கு மேடையேறி நித்திரையை வைத்தே எதுகை அடுக்கி, காத்திருந்த கூட்டத்தை எழுப்பியவர் என்ற கதையை அறியாத தமிழர் குறைவு. அந்தத் தெளிவு பொடியால் வந்தது என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். ஒரு பொருள் வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை உட்கொள்ளலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

காபி நிகோடினைவிடச் சாது, ஆனால் அதனிடமும் ஒரு சூட்சுமம் உண்டு. பிரிட்டனின் பிரிஸ்டலில் பீட்டர் ரோஜர்ஸ் குழு 379 பேரை வைத்துப் பார்த்து 2010இல் எழுதியது இது: தினம் காபி குடிப்பவர் காலைக் காபிக்குப் பிறகு அடையும் விழிப்பு, காபி பழக்கமே இல்லாதவர் வெறும் வயிற்றிலேயே கொண்டிருக்கும் விழிப்பின் அளவுதான். இரவு முழுதும் காபி இல்லாமல் உடம்பு இறங்கியிருந்த பள்ளத்தை அந்த டம்ளர் நிரப்புகிறது, மேட்டுக்கு ஏற்றுவதில்லை. படுக்கப் போவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன், அதாவது நாலைந்து கோப்பைக் காபியின் சரக்கு, உள்ளே போனாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்பது 2013இல் தெரிந்தது. குடித்தவர்கள் அதை உணரவில்லை. மறுபடியும் அதே பொய்ச் சாட்சி.

சரி, வீட்டிலேயே உரசிப் பார்க்க வழி உண்டா? பள்ளிப் பையில் கிடக்கும் 30 சென்டிமீட்டர் ஸ்கேல் போதும். ஒருவர் ஸ்கேலை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட வேண்டும், பூஜ்யம் கீழே. சோதிக்கப்படுபவர் பூஜ்யத்துக்கு இருபுறமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.17 விநாடி, 20இல் 0.20, 25இல் 0.23. புவியீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், பேரம் கிடையாது. ஒரு வேளைக்கு இருபது தடவை, தினம் ஒரே நேரத்தில். முதல் ஒரு வாரக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கை பழகுவதால் வரும் முன்னேற்றம் அது. இதைக் கவனிக்காததால்தான் எந்த மாத்திரையும் முதல் வாரத்தில் அற்புதம் செய்வதுபோலத் தெரிகிறது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒருவர் மாத்திரையை வாங்குவது எப்போது? எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதா? தலை மிகவும் மந்தமாக இருக்கும் வாரத்தில்தான். மிக மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம், ஒன்றுமே செய்யாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். அந்தப் புண்ணியம் டப்பாவின் கணக்கில் போய்ச் சேர்கிறது. இதைத் தடுக்கத்தான் ஆய்வாளர்கள் வெற்று மாத்திரையைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் செய்ய விரும்புபவர், காபியில் இதைச் செய்து பார்க்கலாம். காஃபீன் உள்ள தூள், நீக்கிய தூள், எந்த நாள் எது என்பதை வீட்டிலுள்ள இன்னொருவர் மட்டும் குறித்து வைத்திருப்பார். ஒரு மாதம் கழித்துத் தாளைப் பிரித்து ஸ்கேல் கணக்கோடு பொருத்திப் பார்த்தால், பலருடைய நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும்.

டப்பா மாத்திரைகளில் தேடித் தேடிக் கிடைக்காத பலன், பெரும்பாலும் யாரும் எதிர்பார்க்காத மூலையில் கிடைக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் இரும்புச்சத்துக் குறைந்த இளம் பெண்களுக்கு 16 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. உடம்பில் இரும்பு தேறியவர்களுக்குக் கவனமும் நினைவும் கற்றலும் கூடவே தேறின. ஏற்கெனவே நிரம்பியிருக்கும் மூளைக்கு மேலும் ஊற்றுவதில் பலன் கண்டவர்கள் குறைவு. ஓட்டையை அடைப்பதில் பலன் தெளிவாகத் தெரிகிறது. சைவமே சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதும், யாருக்கானாலும் தைராய்டு குறைவதும் இதே ‘தலை மந்தம்’ என்ற முகமூடியோடுதான் வரும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. தறியின் மறுகோடியில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளும் பெண்ணும் பாதிக்குப் பாதி அந்தக் கணக்கில் இருப்பார். ஞாபக மாத்திரைக்குக் காசு எடுத்து வைக்கும் வீடு, அதற்கு முன் ஒருதடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே அந்தப் பரிசோதனைக்கும் காசு வாங்குவதில்லை, குறை இருந்தால் தரும் இரும்பு மாத்திரைக்கும் வாங்குவதில்லை.